வெளியே போகிற நாளின் மாத்திரை

பார்மஸி கல்லூரியில் இதய நோய் மருந்துகளைச் சொல்லிக்கொடுப்பது பல வருஷங்களாக என் வேலை. நாலாம் வருஷ மாணவர்கள் என்னிடம் வரும்போது அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எந்த மாத்திரை ரத்தக் குழாயை விரிக்கும், எது இதயத் துடிப்பை மெதுவாக்கும், எதை எதோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் கட்டிலில் கிடக்கிற ஆளிடம் போய், "இந்த மாத்திரையை நிறுத்தாதீங்க, ஏன்னா..." என்று ஆரம்பிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியின் இதய நோய் வார்டில் அவர்களைப் பேசப் பழக்குவதுதான் என் பாடத்தில் பாதி.

திருவனந்தபுரத்தில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வார்டில் கிடப்பவர்களில் நிறையப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நாகர்கோவில், தென்காசி, செங்கோட்டை. இல்லையென்றால் இங்கேயே கட்டட வேலையும் ஹோட்டல் வேலையும் பார்க்கிற தமிழ் ஆட்கள். என் மாணவர்கள் பெரும்பாலும் மலையாளிகள். சினிமா பார்த்துப் பழகிய தமிழை வைத்துக்கொண்டு சமாளிப்பார்கள்.

அப்படி ஒரு நாள் வெளிநோயாளிகள் பிரிவில், மருந்து விளக்கம் சொல்கிற சின்ன அறையில், என் மாணவி ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, "சார், இது தெனமும் காலையில கழிக்கணும். மறக்காம கழிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மலையாளத்தில் கழிப்பது என்றால் சாப்பிடுவது. தமிழில் அது வேறு. நான் குறுக்கிடுவதற்குள் அவரே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"கேட்டியா குட்டி, எனக்கு ரெண்டு பாஷையும் தெரியும், அதனால தப்பிச்சேன். ஒரு திருநெல்வேலிக்காரன் கிட்ட இப்படிச் சொன்னா தெனம் காலைல ஒண்ணொண்ணா எடுத்துக் குப்பையில போட்டுடுவான்."

அவள் முகம் சிவந்தது. அவர் உடனே, பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில், "சாரமில்லை, சாரமில்லை" என்று அவளைத் தேற்றினார். பிறகு அவளுக்காக அதே வாக்கியத்தை மூன்று ஊர்த் தமிழில் சொல்லிக் காட்டினார். தஞ்சாவூர்க்காரர் எப்படிச் சொல்வார், நெல்லைக்காரர் எப்படி, நாகர்கோவில்காரர் எப்படி என்று. நான் நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவள். என் மாமா பேசுவதைப் போலவே இருந்தது.

அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோட்டைக்குள் கோவிலை ஒட்டிய தெருவில் தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் பெங்களூரில். மாரடைப்பு வந்து, இதயத்தின் தசை பலவீனமாகி, பம்ப் செய்கிற சக்தி குறைந்துபோனவர். எங்கள் பாஷையில் இதயச் செயலிழப்பு. பெயர் பயமுறுத்தினாலும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வருஷக்கணக்கில் நடமாடலாம். அவர் நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தார்.

வகுப்பில் மாணவர்கள் பேசிப் பழகுவதற்கு நோயாளியாக நடிக்க ஒரு ஆள் வேண்டும். அதுவரை ஆசிரியர்களில் யாராவது ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவோம். மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களிடமே எங்கள் பாடத்தைத் திருப்பிச் சொல்வார்கள். நான் அவரிடம் கேட்டேன்: "சார், எங்க கிளாஸுக்கு ஒரு நாள் நோயாளியா நடிக்க வருவீங்களா?"

"நடிக்கவா?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆபீஸ்ல வருஷா வருஷம் நாடகம் போடுவா. என்னைத் திரைக்குப் பின்னால நிறுத்தி வசனம் எடுத்துக் குடுக்கச் சொல்வா. எல்லார் வசனமும் எனக்குத் தெரியும். ஒரு தடவை கூட மேடையில ஏத்தலை, கேட்டேளா."

அடுத்த வாரம் வந்தார். கல்லூரி நகரத்துக்கு வெளியே, மேட்டில் இருக்கிறது. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் போக்குவரத்தைப் பொறுத்து ஒரு மணி நேரம்கூட ஆகும். ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றேன். கேட்கவில்லை. "ஜன்னலோரம் உக்காந்துண்டு வர்றது ஒரு சுகமாக்கும்" என்றார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் மெலிதாகச் சந்தனம். வகுப்புக்குள் நுழைவதற்கு முன் சந்தனத்தை அழித்தார், சட்டையின் மேல் பட்டன் இரண்டைக் கழற்றினார், துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்தது ஒரு கொத்தனார்.

நான் எழுதிக்கொடுத்த நோயாளி விவரத்தை அவர் ஒரு தடவை படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துவிடுவார். பிறகு எல்லாம் அவராகவே பேசுவார். ஒரு நாள் கொத்தனார், ஒரு நாள் தென்காசி விவசாயி, ஒரு நாள் தம்பானூர் ஹோட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவர். மாணவர்கள் என்ன சொன்னாலும் மடக்குவார். உப்பைக் குறையுங்கள் என்றால், "அப்பளத்துல உப்பே கெடையாதே" என்பார். கொழுப்புக்கான மாத்திரை என்றால், "நானே எலும்பும் தோலுமா இருக்கேன், எனக்கு எங்க கொழுப்பு?" என்பார். மாணவர்கள் திணறித் திணறிப் பேசக் கற்றுக்கொண்டார்கள். அந்த வருஷம் வார்டில் எங்கள் பிள்ளைகள் நோயாளிகளோடு பேசுவதைப் பார்த்த ஒரு டாக்டர் என்னிடம் வந்து, இவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டார். செய்தி பரவியது. மற்ற வகுப்பு ஆசிரியர்களும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் வந்தவர் இரண்டு நாள், மூன்று நாள் என்று வரத் தொடங்கினார். வேலைக்குப் போகிற மனிதரைப் போல எங்கள் வராந்தாவில் நேரத்துக்கு வந்து நிற்பார். அவரை அவ்வளவு உற்சாகமாகப் பார்க்கும்போது எனக்கே சந்தோஷமாக இருக்கும்.

அந்த வகுப்பில் ஆரியசாலையிலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தாள். அவள் அப்பா அங்கே மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்குப் பார்க்கிறவர். வீட்டில் நெல்லைத் தமிழ். ஆனால் வகுப்பில் அவள் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. சின்ன வகுப்பில் யாரோ, தமிழர்களை மட்டம் தட்டுகிற பெயரான 'பாண்டி' என்று கேலி செய்ததிலிருந்து வெளியே மலையாளம்தான் என்று பின்னால் ஒரு தடவை சொன்னாள். அதிகம் பேசாதவள். மற்றவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசும்போது இவள் கையைப் பார்ப்பாள், நகத்தைப் பார்ப்பாள், காலைப் பார்ப்பாள்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய ஒத்திகையில் அவள் முறை வந்தது. நோயாளி ஒரு கட்டட மேஸ்திரி, இதயச் செயலிழப்பு. உடம்பில் தேங்குகிற நீரை இறக்குவதற்காகத் தினமும் காலையில் ஒரு நீர் மாத்திரை. அதைச் சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் போகும். அந்தத் தொல்லைக்காகவே பலர் அதை விட்டுவிடுவார்கள். மாணவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்களா என்று பார்ப்பதுதான் சோதனை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக வகுப்பில் தமிழில் பேசினாள்.

"அண்ணாச்சி, நீர் மாத்திரை தெனமும் சாப்பிடுதீங்களா?"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். வீட்டுத் தமிழைக் கேட்ட ஆச்சரியமாக இருக்கலாம். பிறகு துண்டை இழுத்து விட்டுக்கொண்டு மேஸ்திரியின் குரலில் சொன்னார்: "வீட்ல இருக்க அன்னிக்குச் சாப்பிடுவேம்மா. வெளிய போற அன்னிக்கு அதத் தொடவே மாட்டேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"ஒரு மணி நேரம் பஸ்ல வரணும். நடுவுல முட்டிக்கிட்டு வந்தா பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லவா? எறங்குன எடத்துல கக்கூசு எங்கன்னு ஒரு சின்னப் பிள்ளைகிட்ட போயி கேக்கவா? இந்த வயசுல வேட்டிய நனைச்சிட்டு நிக்கச் சொல்லுதியா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவ்வளவு தத்ரூபம். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப காலையில வேண்டாம். வெளிய போயிட்டு வீட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு மணி, மூணு மணிக்குப் போட்டுக்கிடலாம். ராத்திரி தூக்கம் கெடாது. டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க, சரின்னுதான் சொல்லுவாரு. ஆனா விட்டுராதீங்க அண்ணாச்சி. விட்டா நெஞ்சுல நீர் ஏறிரும்."

"டாக்டரு காலையிலன்னுல்லா எழுதியிருக்காரு? நீ என்ன, டாக்டரா?"

"நான் டாக்டர் இல்ல. மருந்து படிக்கேன்."

"படிச்சிட்டு வா, பொறவு கேக்கேன்" என்றார் அவர். கைதட்டல். முழு மதிப்பெண் போட்டேன். அந்த வருஷ மாணவர்களில் வேறு யாரும் மாத்திரை நேரத்தை மாற்றலாம் என்று சொல்லவில்லை. தவறாமல் சாப்பிடுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவள் வராந்தாவில் என்னிடம் வந்தாள். "மிஸ், சாருக்குக் கால்ல நீரு இருக்கு. செருப்பு வார் பதிஞ்ச எடம் குழியா நிக்குது. அவரு சொன்னது நடிப்பில்லேன்னு தோணுது."

நான் அவரைத் தேடிப் போனேன். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சந்தனம் இல்லாத நெற்றியில் வியர்வை. அவர் எதிரே உட்கார்ந்து நேராகவே கேட்டேன்: "சார், நிஜமாச் சொல்லுங்க. வர்ற அன்னிக்கு மாத்திரையை விட்டுடறீங்களா?"

"ஐயோ, டீச்சர்! அது மேஸ்திரின்னா சொன்னான்!" என்று சிரித்தார். "நான் கிரமமா சாப்பிடறேன். காலைத் தொங்கப் போட்டுண்டு வந்தேன் பாருங்கோ, அதான் இது. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கு, காட்டறேன்."

டாக்டரிடம் காலைக் கட்டாயம் காட்டுங்கள் என்று சொன்னேன். அந்த வாரம் வகுப்புக்கு வர வேண்டாம், ஓய்வெடுங்கள் என்றும் சொன்னேன். அவர் முகம் சட்டென்று வாடியது. "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கப் போனார். அதற்குமேல் ஒரு பெரிய மனிதரை எப்படிக் குடைவது? மாணவியிடம் வந்து அவர் சொன்னதைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

பிறகு தேர்வுகள் வந்தன. நடுவில் அவர் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார், மகள் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டோம்.

தேர்வு முடிந்து வார்டுக்குத் திரும்பிய முதல் நாள் காலை. மாணவர்களோடு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒருவர் படுக்க முடியாமல் உட்கார்ந்து, மேஜை மேல் தலையணை வைத்து அதில் சாய்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். இரண்டு கால்களும் முழங்கால் வரை பளபளவென்று வீங்கியிருந்தன. நான் மருந்துச் சீட்டைத்தான் முதலில் பார்த்தேன். ஆரியசாலைப் பெண்தான் முதலில் முகத்தைப் பார்த்தாள்.

"சார்" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில், "இன்னிக்கு... நடிக்கலை, கேட்டியா" என்றார்.

நீர் இறங்க ஊசி போட்டிருந்தார்கள். இரண்டு நாளில் மூச்சு சீரானது. மூன்றாம் நாள் அவர் எப்போதும்போலப் பேச ஆரம்பித்ததும், என்னென்ன மருந்து, எப்போது, எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்டு எழுதும் வேலையை அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றேன்.

எல்லாம் வந்தது. முதலில் கல்லூரிக்கு வருகிற நாட்களில் மட்டும் விட்டிருக்கிறார். பிறகு நாங்கள் கூப்பிடுகிற நாட்கள் கூடின. கோவில், கல்யாணம், பாங்க் என்று போகிற நாட்களும் சேர்ந்துகொண்டன. கடைசியில் சாப்பிடுகிற நாளைவிடச் சாப்பிடாத நாள் அதிகமாகிவிட்டது. சாப்பிடாமலே நன்றாகத்தான் இருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. காலைக் காட்ட டாக்டரிடமும் போகவில்லை.

"நான் கேன்டீன்ல கேட்டேனே, சார்" என்றேன். "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வர வேண்டாம்னுடுவேள்" என்றார். போர்வையை நீவி விட்டுக்கொண்டே, "ஆத்துல என்ன இருக்கு, டீச்சர்?" என்றார்.

சொல்லியிருப்பேன்தான். அவர் நல்லதுக்கென்றே அப்படிச் சொல்லியிருப்பேன்.

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: "நான் அன்னிக்கு மத்தியானம் போட்டுக்கிடலாம்னு சொன்னேனே சார். அது செய்திருக்கலாமே?"

அவர் அவளைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "நீ மார்க்குக்காகச் சொல்றேன்னு நெனைச்சேன், குட்டி."

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். நான் சீட்டில் எதையோ பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் உண்மையை வேஷத்தில் சொன்னார், நாங்கள் கைதட்டினோம். அவள் உண்மையான மருத்துவ யோசனையைச் சொன்னாள், அதை அவர் பரீட்சைப் பதிலாக எடுத்துக்கொண்டார். இருவரும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

அன்றே டாக்டரிடம் பேசி நீர் மாத்திரையை மத்தியானத்துக்கு மாற்றினோம். ஒரு நிமிஷப் பேச்சு. வெளியே போக வேண்டியிருந்தால் திரும்பி வந்து போட்டுக்கொள்ளட்டும், மாலை நாலு மணியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்றார் டாக்டர். இதை வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறேன். அவ்வளவு சுலபமான காரியம்.

மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். அப்பா எப்படி இந்த நிலைக்கு வந்தார் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வார்டுக்கு வெளியே என்னிடம் வந்து நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"மருந்து படிச்சவா இத்தனை பேர் இருக்கேள். வாரத்துல மூணு நாள் உங்க முன்னால உக்காந்திருக்கார். ஒருத்தருக்கும் தெரியலையா?"

ஒருத்திக்குத் தெரிந்திருந்தது என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? "கேட்டோம்மா. இல்லைன்னுட்டார்" என்று மட்டும் சொன்னேன்.

"அப்பா என்கிட்டயும் அப்படித்தான் சொல்வார்" என்றாள். அவள் கண் கலங்கியது. "இனிமே தனியா விடறதுக்கில்லை. என்னோட அழைச்சிண்டு போறேன்."

அவர் மறுக்கவில்லை. போவதற்கு முன் ஒரு தடவை வகுப்புக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டார். "வேஷம் போடாம வரேன், டீச்சர். நானாவே உக்காந்துக்கறேன். பிள்ளைகள் என்ன வேணும்னாலும் கேக்கட்டும், இந்தத் தடவை நெஜத்தைச் சொல்றேன்." நாளும் குறித்தோம். கல்லூரிக் காரை அனுப்புவதாக ஏற்பாடு. அந்த ஆரியசாலைப் பெண்தான் முதலில் பேசுவதாக இருந்தது. அதற்கு முந்தின நாள் மகளுக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்து, அன்றைய ரயிலுக்கே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து போன் செய்தார். இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "குட்டிகிட்டச் சொல்லிடுங்கோ" என்றது மட்டும் கேட்டது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. பெங்களூருக்குப் போய்விட்டார் என்று அவளிடம் சொன்னேன்.

பெங்களூரிலிருந்து அவ்வப்போது பேசுவார். எடை சரியாக இருக்கிறது, கால் வீக்கம் இல்லை, மூன்று மாசத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டுகிறார்கள். ஒரு பேராசிரியர் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய விவரங்கள். ஒரு நாள் நான், "மாத்திரை மத்தியானம்தானே சார் சாப்பிடறீங்க?" என்று கேட்டேன்.

"பதினோராவது மாடி, டீச்சர். கீழ எறங்கினா பேச ஆளில்லை. எங்கயும் போறதில்லை. காலைல போட்டாலும் ஒண்ணுதான், மத்தியானம் போட்டாலும் ஒண்ணுதான்" என்றார். சொல்லிவிட்டு அவரே பேச்சை மாற்றி, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டார்.

மறு வருஷ மழைக்காலத்தில் மகள் போன் செய்தாள். காலையில் எழுந்திருக்கவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். அன்றைக்கு முந்தின நாள் வரை எல்லா மாத்திரையும் தவறாமல் சாப்பிட்டார் என்பதை இரண்டு தடவை சொன்னாள். அது எனக்குத் தெரிய வேண்டும் என்று அவள் நினைத்தது புரிந்தது.

அந்தப் பெண் அதற்குள் படிப்பை முடித்து வளைகுடாவில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்திருந்தாள். செய்தியை எழுதி அனுப்பினேன். வேலை முடிந்து கூப்பிட்டாள். அவர் எப்படிப் போனார் என்று கேட்டாள். பிறகு அவள், "நான் அன்னிக்கே அவரு வீட்டுக்குப் போயிருக்கணும் மிஸ். கிளாஸ்ல வெச்சுக் கேட்டா அவரு எப்படிச் சொல்லுவாரு?" என்றாள். நீ அப்போது மாணவிதானே, உன்னால் என்ன செய்திருக்க முடியும் என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. அங்கே கடையில் கூட்டம் அதிகம், கவுன்டரில் யாரிடமும் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேச முடிவதில்லை என்றாள். நோயாளியோடு பேசுவதற்கென்றே பிறந்தவள் அவள். அதையும் நினைத்துக்கொண்டேன்.

இப்போது நோயாளியாக நடிக்க வருகிறவர்களுக்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். நடிப்பு முடிந்ததும் தனி அறையில் டீ கொடுத்து, வகுப்பும் மதிப்பெண்ணும் இல்லாமல், ஒரு மாணவனோ மாணவியோ அவர்களுடைய சொந்த மருந்துகளைப் பற்றிப் பேச வேண்டும். உண்மையைச் சொல்வதற்காக யாரையும் வகுப்பிலிருந்து நிறுத்த மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக நடக்கிறது. வருகிறவர்கள் டீயைக் குடித்துவிட்டு, எல்லாம் கிரமமாகத்தான் சாப்பிடுகிறோம் என்று சொல்லிப் போகிறார்கள். நான் அவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, படியிறங்கும்போது அவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.